போணிக்குப் போன கிரைண்டர்

என் முட்டாள்தனத்தை அடுத்தவர் வந்து சொல்வதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். பத்து வயதில் ஒரே பொருளை ஒரே நாளில் இரண்டு முறை விற்றவன் நான். இரண்டு முறையும் ஒரே ஆளிடம். இரண்டாவது முறை நான் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். வாயை மூடுவது என்ற வித்தை எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. என் மனைவியைக் கேட்டால் சாட்சி சொல்வாள்.

அப்போது நாங்கள் டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோ என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தெரு முழுக்க ஒரே நிறச் செங்கல், ஒரே சாய்வுக் கூரை, வாசலில் ஒரே உயரத்தில் ஒரு நோஞ்சான் மரம். நடந்து போனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நம் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். அந்தக் கோடையில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. எனக்குச் சொல்லப்பட்டது 'லீவு'. அப்பா லீவில் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டார், இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டார், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். போன் வந்தால் துணி வைக்கும் க்ளாசெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். லீவில் இருக்கும் பெரியவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் கிரைண்டர் கார் நிறுத்தும் கராஜில் இருந்தது. வீட்டுக்குள் ஓடினால் அந்தச் சத்தம் க்ளாசெட் வரைக்கும் போகிறது என்று அப்பா அதை வெளியேற்றியிருந்தார். ஊரிலிருந்து வரும்போது, ஒரு பெட்டியின் மொத்த எடையையும் அதற்கே தானம் செய்து அம்மா கொண்டுவந்த கல் கிரைண்டர். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை ஓடும். அந்தக் கோடையில் அது நின்ற நேரம் குறைவு. சாயங்காலமானால் ஆன்ட்டிகள் வருவார்கள். ஆளுக்கொரு பெரிய தயிர் டப்பாவில் இட்லி மாவு வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த முறை வரும்போது டப்பாவைக் கழுவித் திருப்பித் தருவார்கள்.

டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது, சர்க்கரையோ பழமோ ஏதாவது போட்டுத்தான் தரவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆன்ட்டிகளுக்கும் அதே பழக்கம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். உள்ளே மைசூர்பாகாவது இருக்கும் என்று நான் வாசலிலேயே கையை நீட்டுவேன். அம்மா என் தலைக்கு மேலே கையை நீட்டி வாங்கி நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடுவாள். ஒருமுறைகூட மூடியைத் திறக்க விட்டதில்லை. பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் இனிப்பு தின்னும் தாய் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று அந்த வயதிலேயே எனக்கு வாழ்க்கை வெறுத்திருந்தது.

இப்படியிருக்கையில் ஒருநாள் அப்பா, வீட்டில் சாமான் மிகவும் சேர்ந்துவிட்டதென்றும் வேண்டாததையெல்லாம் கராஜில் பரப்பி ஒரு கராஜ் சேல் போடலாமென்றும் அறிவித்தார். அதில் வரும் பணம் கொஞ்சம் கை கொடுக்கும் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். என்னிடம் உரத்த குரலில், நான் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் பத்தில் ஒரு பங்கு எனக்கே என்றார். எனக்கு அப்போது ஒரு வீடியோ கேம் பெட்டி வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நான் வீட்டிலிருந்த எந்தப் பொருளையும் பத்தாக வெட்டித்தான் பார்த்தேன்.

விலை வைக்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டதுதான் முதல் கோணல். எஞ்சினியர் அல்லவா. வாங்கிய விலை, வாங்கி எத்தனை வருடம், இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்றெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கழித்தார். எங்கள் இஸ்திரிப் பலகையின் நியாயமான விலை பதினோரு டாலர் நாற்பது சென்ட் என்று வந்தது. மூன்று சக்கரம் மட்டும் இருந்த சூட்கேஸுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். பழைய பூத்துண்டைக்கூட விடவில்லை. அதற்கு ஐம்பது சென்ட்.

இரண்டாவது கோணல் அம்மா. அவள் திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். வியாபாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குள் அந்தக் கடையின் ஷட்டர் திறந்துகொண்டது. என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, விரலை ஆட்டிச் சொன்னாள்:

"முதல் போணி யாரா இருந்தாலும் சரி, கேட்டதை இல்லன்னு சொல்லாத. முதல்ல வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பினா அன்னிக்கு முழுக்க ஒண்ணுமே ஓடாது. போணிக் காசைத் திருப்பியும் குடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. என் படிப்பில் எது புரிந்ததோ இல்லையோ, அது நன்றாகப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. டெக்ஸாஸில் கராஜ் சேலுக்கு வருகிறவர்கள் மீன்பிடிக்கப் போகிறவர்களைப் போல விடியும்போதே வந்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஏழு மணிக்கு முன்பே தெருவில் இரண்டு பிக்கப் வண்டிகள். அப்பா வாயில் பிரஷ்ஷோடு ஜன்னலைத் திறந்து, இன்னும் ஸ்டிக்கர் ஒட்டி முடியவில்லை, கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடைசி ஸ்டிக்கரை ஒட்டி முடித்தபோது மணி பத்து. கராஜ் கதவைத் திறக்கும் பொத்தானில் கை வைத்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ராகு காலம்.

ஊரில் சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிந்துவிடும். அந்த நம்பிக்கையில் நான் இருந்தேன். ஆனால் கோயில் காலண்டர்படி டெக்ஸாஸ் கோடையில் பகல் நீளம், அதனால் ராகுவும் பத்திலிருந்து பதினொன்றே முக்கால் வரை ஓவர்டைம் பார்க்கிறார். அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் நாங்கள் மூவரும் மூடிய கராஜுக்குள், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய நாற்காலிகளில், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஃபேன் முன்னால் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கார்கள் வந்து நிற்கும், கதவு மூடியிருப்பதைப் பார்க்கும், போகும். கதவில் மேலே இருந்த சின்னக் கண்ணாடி வழியாக, ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, என் பத்தில் ஒரு பங்கு தெருமுனை திரும்பிப் போவதை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சுபவேளையில் கதவு திறந்தபோது தெருவில் வெயிலைத் தவிர ஒருவரும் இல்லை.

கடைசியில் ஒரு மினிவேன் வந்தது. எனக்கு உயிர் வந்தது. இறங்கியவர்கள் கோயிலில் பார்க்கும் ஒரு அங்கிளும் ஆன்ட்டியும். அங்கிள் சும்மா பார்க்கலாம் என்று வந்ததாகச் சொல்லிக்கொண்டே புத்தக அலமாரியைத் தட்டிப் பார்த்தார். அப்பாவின் முகம் மாறியது. இவர் ஏன் இதையெல்லாம் விற்கிறார் என்று அங்கிள் நினைத்துவிடுவாரோ என்ற பயம் அவருக்கு. வீட்டைச் சும்மா க்ளீன் பண்ணுகிறோம், அவ்வளவுதான் என்று கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அங்கிள் பர்ஸை எடுத்ததும் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன சார் இது, உங்ககிட்ட போய் காசு வாங்கறதா?"

ஹோட்டல் பில்லுக்கு நடக்கும் மல்யுத்தம் கராஜ் முன் டிரைவ்வேயில் நடந்தது. வழக்கம்போல அப்பா ஜெயித்தார். அலமாரி இலவசமாகப் போயிற்று. இஸ்திரிப் பலகை கொசுறு. அலமாரியைத் தனியாக எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டு, அப்பா தானும் அந்த வேனில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனார். ஆன்ட்டி காபி குடிக்க அம்மாவோடு உள்ளே போனார். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கல்லாவாக வைத்திருந்த பிஸ்கட் டின்னை ஆட்டிப் பார்த்தேன். சில்லறை தருவதற்காக நாங்கள் போட்ட காசுதான் கலகலவென்றது. இந்தக் குடும்பத்தில் வியாபாரம் தெரிந்தவன் ஒருவனாவது வேண்டாமா என்று நாற்காலியை இழுத்துப்போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். வைக்கோல் தொப்பி, கன்னமெல்லாம் வெயிலில் சிவந்த புள்ளிகள், கையில் ஒரு குட்டை நாய். எல்லாவற்றையும் பார்த்தார், நாற்பது சென்ட்களையும் முப்பது சென்ட்களையும் பார்த்துச் சிரித்தார், போகத் திரும்பினார். போணி ஆகாமல் போகிறது. ஓடிப்போய் நாயைக் கையில் வாங்கிக் கொஞ்சினேன். நாய் என் கையிலிருந்து நழுவிக் கராஜ் மூலைக்கு ஓடி, ஒரு பூத்துண்டை இழுத்தது.

துண்டுக்கு அடியில் கிரைண்டர். மூலையில் கிடந்த அதன்மேல் தூசி விழாமலிருக்க, கையில் கிடைத்த துண்டைப் போட்டு அம்மா மூடியிருந்தாள். துண்டில் ஐம்பது சென்ட் ஸ்டிக்கர்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு கல். அவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. வீட்டில் கொக்கோ விதையை அரைத்துச் சாக்லேட் செய்து பழகிக்கொண்டிருப்பதாகவும், அதற்கு இந்தியக் கல் எந்திரம்தான் சிறந்தது என்று படித்துவிட்டு மாதக்கணக்கில் தேடுவதாகவும் சொன்னார். பிறகு ஸ்டிக்கரைக் காட்டி, இதற்கா ஐம்பது சென்ட் என்று நல்ல மனதோடு கேட்டார்.

என் மூளை அன்றுபோல் அதற்குப் பிறகு வேலை செய்ததே இல்லை. அது துண்டின் விலை, எந்திரம் எண்பது டாலர் என்றேன். ஐம்பது சென்ட்டிலிருந்து எண்பது டாலர். என் அம்மா வழிப் பாத்திரக்கடை ரத்தம் உடம்பெல்லாம் ஓடியது. விற்கலாமா என்ற யோசனை ஒரு நொடி வரத்தான் செய்தது. ஆனால் இது முதல் போணி. கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது. அவர் நான்கு இருபது டாலர் தாள்களை எண்ணித் தந்தார். நானே ஒரு பக்கம் பிடித்துக் காரில் ஏற்றினேன். பூத்துண்டை இலவசமாகக் கொடுத்தேன். அப்பாவின் மகனும்தானே.

காபி முடிந்து, வேன் வருகிறதா என்று பார்க்க ஆன்ட்டியோடு அம்மா வெளியே வந்தாள். மூலையைப் பார்த்தாள்.

"கிரைண்டர் எங்கடா?"

"வித்துட்டேன்மா. எண்பது டாலர். முதல் போணி."

அம்மா பக்கத்திலிருந்த, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய மடக்கு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். ஆன்ட்டி, அப்போ நாளைக்கு மாவு என்று ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உள்ளே இரண்டு பெரிய அண்டாவில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நீதானே இல்லையென்று சொல்லாதே என்றாய் என்று நினைவூட்டினேன். அதற்கும் வரவில்லை.

அப்பா வேனில் திரும்பி வந்து, ஆன்ட்டி அதில் ஏறிப் போனதும் கராஜை மூடிவிட்டு மூவரும் காரில் கிளம்பினோம். அந்த அம்மாளை நேரில் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு முன் சீட். சீட் பெல்ட்டைப் போடுவதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"பேரு கேட்டியா?" என்றார் அப்பா.

"கேட்டேன். பிஸ்கட்."

"அது என்னடா பேரு?"

"நாயோட பேரு."

அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு வேறு வழியில்லாமல், ஒரே மாதிரித் தெருக்களில் ஜன்னலை இறக்கிவிட்டு நடைவேகத்தில் ஓட்டினார். நான் தலையை வெளியே நீட்டி, பிஸ்கட், பிஸ்கட் என்று கூவிக்கொண்டு போனேன். ஃபிரிஸ்கோவில் இருக்கும் எல்லா நாய்களும் தங்களைத்தான் கூப்பிடுவதாக நினைத்துக் குரைத்தன. புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களுக்கு பிஸ்கட் வேண்டுமோ என்று சந்தேகமாகப் பார்த்தார். பின் சீட்டில் அம்மா என்னைத் தவிர ஒவ்வொரு கராஜையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அது எனக்கு அலுப்பாக இருந்தது. எண்பது டாலர் கொண்டுவந்தவனை இப்படியா நடத்துவது.

தோற்றுப்போய் வீடு திரும்பினால், வாசலில் அந்த வைக்கோல் தொப்பி அம்மாளே நிற்கிறார். காலடியில் கிரைண்டர். நல்ல கோபம். வீட்டில் செருகிப் பார்த்தாராம், உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லையாம்.

அப்பாவின் முகத்தில் அந்தக் கோடையில் நான் பார்க்காத ஒளி. ஐயோ பாவம், பழசு, கெட்டுப்போயிருக்கும், எங்கள் தவறுதான், பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் பொழிந்தார். போணிக் காசைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற சட்டத்தை இயற்றியவளே, என் கையிலிருந்த டின்னைப் பிடுங்கி நான்கு தாள்களை வெளியே எடுத்துவிட்டாள். இன்னொரு கை கிரைண்டரின் மேல் இருந்தது, குழந்தையின் தலையில் வைப்பதுபோல.

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல சரக்கைக் கெட்டது என்கிறார்கள். என் எட்டு டாலர் என் கண் முன்னால் போகிறது. அது எங்கள் ஊர் கரண்டுக்குச் செய்தது, இந்த ஊர் கரண்டை நேராகக் கொடுத்தால் சுற்றாது என்பது அப்பா பலமுறை எனக்கு விளக்கிய விஷயம். இப்போது அவரே மறந்துவிட்டாரே, பாவம், லீவில் மூளை துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கராஜுக்குள் ஓடி, பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த, கரண்டை மாற்றித் தரும் கனமான ட்ரான்ஸ்ஃபார்மரை இரண்டு கைகளாலும் தூக்கி வயிற்றில் அணைத்துக்கொண்டு வந்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சபாஷ் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

கல் இரண்டும் அம்மா ஓட்டுவதுபோலவே அழகாகச் சுற்றின. அந்த அம்மாள் கை தட்டினார். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

ட்ரான்ஸ்ஃபார்மருக்கு என்று இன்னும் இருபது டாலரை எடுத்துக்கொண்டே, அவருக்கு என்ன தோன்றியதோ, அம்மாவின் கையையும் அப்பாவின் முகத்தையும் பார்த்து, உங்களுக்கு இது தேவைப்படாதா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அப்பா ஒரு கணம் தயங்கினார். எங்களுக்குத் தேவை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கிளின் பர்ஸைத் தடுத்த அதே கை தன்னால் எழுந்தது. சேச்சே, சும்மா மூலையில்தான் கிடக்கிறது, தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கிரைண்டரிலிருந்து கையை எடுத்து, அந்த அம்மாளுக்குக் கல்லை எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது, எங்கே ஈரம் தங்கும், எந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்தவேண்டும் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி விரல்களாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஊறிய அரிசியை அன்று மாலை மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்தாள். மூன்றாவது ஈட்டில் மிக்ஸியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. மறுநாள் அந்த மாவில் வார்த்த இட்லியைச் சுவரில் எறிந்தால் திரும்பி வந்திருக்கும். இந்தியக் கடையில் புது கிரைண்டரின் விலையைக் கேட்டுவிட்டு, யாராவது ஊரிலிருந்து வரட்டும், பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். யாரும் வரவில்லை. ஆன்ட்டிகள் வருவதும் ஒவ்வொருவராக நின்றுபோயிற்று. கோயிலில் பார்த்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார்கள். ஓசி மாவு நின்றதும் வீட்டுப் பக்கமே தலைகாட்டாதவர்கள் என்று அவர்கள்மேல் எனக்கு இளப்பம். என் பங்கும் வரவில்லை. கேட்டால், லீவு முடியட்டும் என்றார் அப்பா. அந்த நூறு டாலர்தான் எங்கள் கராஜ் சேலின் மொத்த வருமானம். மூன்று சக்கர சூட்கேஸ்கூடப் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை அது மாபெரும் வெற்றி. வெற்றி பெற்றவனுக்கு வீட்டில் மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து அந்த அம்மாள் ஒரு டப்பாவில் சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தார். லேசாக வெந்தய வாசனை அடித்தது. நான் மட்டும்தான் தின்றேன். அம்மா அந்த டப்பாவைக் கழுவி, சர்க்கரை நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள்.

பள்ளி திறப்பதற்குள் நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட்டுக்குப் போனோம். அங்கே நீச்சல் குளம் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். என் வியாபாரத்தில்தான் எங்களுக்கு நீச்சல் குளம் வந்தது என்று புது வகுப்பில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாவின் லீவு குளிர்காலத்தில்தான் முடிந்தது.

இப்போது நான் ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்திலேயே ஆலன் என்ற ஊரில் இருக்கிறேன். போன மாதம் என் மனைவி கராஜ் சேல் போடலாம் என்றாள். நான் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அடுக்கடுக்காகப் பழைய தயிர் டப்பாக்கள் வந்தன. எங்களோடு இருக்க வந்திருந்த அம்மா சேமித்துவைத்தவை. பழைய வயிற்றெரிச்சல் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அப்போ ஆன்ட்டிங்க திருப்பிக் குடுத்த டப்பாவை ஒருநாள்கூட என்னைத் திறக்க விடலியேம்மா, அப்படி என்ன ஸ்வீட்தான் வச்சிருந்தாங்க அதுல, இப்பவாவது சொல்லேன் என்றேன்.

அம்மா என் மகனின் டவுசரை உதறி மடித்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"பாதி வாடகை."